குழந்தைகள் யாரை "வாங்க" என்கிறார்கள், யாரை "வா" என்கிறார்கள்? உங்கள் அனுபவம்

மடிப்பாக்கம் வாசி:
போன வாரம் பார்த்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. தண்ணீர் கேன் போடும் பெரியவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். லிஃப்ட் ஓடாததால் 20 லிட்டர் கேனைத் தோளில் வைத்து மூன்று மாடி ஏறி வந்தார். எதிர்வீட்டுப் பையன், யூகேஜி, "இங்க வைக்காத, உள்ள கொண்டுபோய் வை" என்றான். அவர் மூச்சு வாங்கிக்கொண்டே "சரிங்க தம்பி" என்றார். அப்போது அசோசியேஷன் செக்ரட்டரி படியேறி வந்தார். "வாங்க அங்கிள், அப்பா குளிக்கிறாங்க" என்கிறான் அதே பையன்! மரியாதை தெரியாத பிள்ளை இல்லை. யாருக்குக் கொடுக்க வேண்டாம் என்பதும் சேர்த்தே தெரிந்திருக்கிறது. பாட்டி பக்கத்தில்தான் நின்றார், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஈரோட்டுப் பொண்ணு:
இதெல்லாம் சென்னைப் பழக்கம். எங்கள் கொங்குப் பக்கம் மடியில் கிடக்கிற குழந்தையையே "வாங்க சாமி, சாப்பிடுங்க கண்ணு" என்போம். சென்னைக்கு வந்த புதிதில் என் மகள் வகுப்பில் "பென்சில் குடுங்க" என்று கேட்டாளாம், எல்லாப் பிள்ளைகளும் சிரித்திருக்கிறார்கள். அன்று சாயங்காலம் என்னையே "நீ" என்றாள், முதல் தடவையாக.

கோபிக்காரன்:
சகோதரி, நானும் கொங்குதான். அந்த "ங்க" எல்லோர் வாசலுக்கும் வரவில்லை. என் தாத்தா பண்ணையத்தில் வேலை செய்தவர். பண்ணையக்காரர் பையனும் நானும் ஏழாம் வகுப்பில் ஒரே பெஞ்ச். ஒருநாள் சைக்கிளில் போகிற போக்கில் தாத்தாவைப் பேர் சொல்லி, "டேய், அப்பா வரச் சொன்னாரு" என்றான். தாத்தா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "இதோ வந்துட்டனுங்க சாமி" என்றார். நான் பக்கத்தில் நிற்கிறேன். மறுநாளும் அதே பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. ஊர்ப் பெருமை பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

ஸ்கார்பரோ அம்மா:
எங்கட பிரச்சினை வேறை. யாழ்ப்பாணத்தில நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவில "நீர்" எண்டும் ஒன்று இருக்கு. கனடாவில பிறந்த பிள்ளைக்கு மூன்றுமே "யூ"தான். வீடியோ அழைப்பில மகன் "அம்மம்மா, நீ சாப்பிட்டியா?" எண்டு கேட்டான். பேரன் தமிழில கேட்டுட்டான் எண்டு அம்மம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில இருந்த பெரியம்மா "இதென்ன பழக்கம்?" எண்டு அதட்டினா. அதுக்குப் பிறகு அவன் அம்மம்மாவோட ஆங்கிலம்தான். எனக்கு இன்னும் கோபம் ஆறேல்லை.

தஞ்சாவூர் டீச்சர்:
எங்கள் பள்ளியில் ஆயாம்மாவை ஒரு பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிட்டது. ஆசிரியர்கள் கூப்பிடுவதைக் கேட்டுத்தான். அதனால் சொல்கிறேன். நாலு பேர் முன்னால் பிள்ளையை அதட்டாதீர்கள். "நீ சாப்பிட்டியா" என்றால், "சாப்பிட்டீங்களா அம்மம்மான்னு கேளு கண்ணா" என்று எடுத்துக் கொடுங்கள், போதும். வேலைக்கு வருகிறவர்களை உறவுமுறை சொல்லிப் பழக்குங்கள்: "தாத்தா வந்திருக்காங்க, கதவைத் திற." பெரியவர்கள் போனில் "கேன்காரன் வந்தான்" என்று சொல்வதை முதலில் நிறுத்த வேண்டும், பிள்ளை அதைத்தான் பிடித்துக்கொள்ளும். அப்புறம், வீட்டில் அப்பாவுக்கு மட்டும் "நீங்க", அம்மாவுக்கு "நீ" என்றால் அதையும் மாற்றுங்கள்.

மதுரை மகன்:
டீச்சர், மற்றதெல்லாம் சரி, கடைசியில் சொன்னதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அப்பர் சிவபெருமானையே "அப்பன் நீ அம்மை நீ" என்றுதான் பாடினார். அம்மாவிடம் "நீ" உரிமையில் வருவது. என் மகள் என்னையும் அப்படித்தான் கூப்பிடுகிறாள், மாற்றச் சொல்லப் போவதில்லை.