புதுப்பிப்பு: சூரியனைத் தொடரும் கண்ணாடியில் மதியத்துக்கு மேல் ஒளி விலகியது – சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காகச் சுருக்கம்: சூரியன் நகர நகர மோட்டாரால் திரும்பி, வெயிலை ஜன்னலுக்குள் அனுப்பும் 60 செ.மீ. சதுரக் கண்ணாடி, 9 மீட்டர் தள்ளி அந்த ஜன்னல். காலையில் சரியாக விழும் ஒளி, 3 மணிக்குள் அரை மீட்டர் நகர்ந்துவிடும்.

கடிகார நேரத்தையும் பல்சக்கரத் தளர்வையும் (பற்களுக்கிடையே உள்ள இடைவெளியால் வரும் ஆட்டம்) சிலர் சந்தேகப்பட்டீர்கள். உண்மைக் காரணம், "வடக்கைச் சரிபாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான். அடித்தட்டை வடக்குக்கு நேராக வைக்க, இரும்புத் தூண் பக்கத்தில் வைத்துப் பார்த்த திசைகாட்டி 4 டிகிரி பொய் சொல்லியிருந்தது. தூக்குக்குண்டு நூலின் நிழலைத் தரையில் குறித்து, அந்த நிமிடத்துக்குக் கணக்கிட்ட சூரியத் திசையோடு ஒப்பிட்டு அடித்தட்டைத் திருப்பியதும் விலகல் 5 செ.மீ. ஆகக் குறைந்தது. சூரியன் உச்சிக்கு அருகில் இருக்கும்போது இதைச் செய்யாதீர்கள். நிழல் குட்டையாகிக் கோணம் பிடிபடாது.

மிச்ச 5 செ.மீ. பல்சக்கரத் தளர்வால்தான். கண்ணாடி 1 டிகிரி தவறினால் கதிர் 2 டிகிரி தவறும், அதாவது 9 மீட்டரில் சுமார் 31 செ.மீ. மோட்டாரை 2 டிகிரி பின்வாங்கி, எப்போதும் ஒரே பக்கமிருந்து நிறுத்தும்படி நிரலை மாற்றியதும் அதுவும் போயிற்று.

எதிர்பாராதது ஒன்று: நான்கு மூலை போல்ட்டுகளை இறுக்கியதில் கண்ணாடி லேசாகக் குழிந்து, ஒளி சுருங்கிச் சூடானது. தீ ஆபத்து! இப்போது மூன்று இடங்களில் மட்டும் சிலிக்கோன் பசைத் திட்டு.