எங்கள் ஆபீஸுக்கு மேலே ஒரு மெட்ராஸ் டெரஸ்

பழைய கட்டடங்கள் மேல் எனக்குப் பெரிய மோகம் இருந்ததில்லை. 1892-ல் திறந்த உயர் நீதிமன்றத்தைத் தினமும் பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். சிவப்புக் கோபுரம், அவ்வளவுதான். பாரிமுனைப் பக்கம் ஒரு சந்தில் எங்கள் ஆபீஸ் கூரை ஒழுகிய பிறகுதான் அண்ணாந்து பார்க்கும் பழக்கமே வந்தது.

வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். ஐப்பசி மழையில் என் மேசைமேல் சொட்டியது. காண்ட்ராக்டர் ஒருவர் வந்து மொட்டை மாடி முழுக்க சிமெண்ட் பூசிவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு ஒரு வாளி மூன்று வாளி ஆனது.

அப்புறம் வந்தவர் எழுபதைத் தாண்டிய கொத்தனார். வந்ததும் மாடிக்குப் போகவில்லை. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தார். "மெட்ராஸ் டெரஸுங்க" என்றார். ஊர் 1996-லேயே சென்னையாகிவிட்டது, கூரைக்கு மட்டும் இன்னும் பழைய பெயர்.

வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாக அடுக்கியிருந்தார்கள். கட்டும்போது கீழே பலகை முட்டுக்கூடக் கொடுப்பதில்லையாம்; சுண்ணாம்புச் சாந்தின் பிடிப்பே போதும். அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். "ஜல்லி கீழ போவணும், சுண்ணாம்புப் பால் மேல வரணும். அதுவரைக்கும் கை நிக்கக் கூடாது" என்றார். கடைசியில் மேலே தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள்.

சேப்பாக்கம் செனட் ஹவுஸ் என்றால் அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் சிஷோம் பெயரைச் சொல்கிறோம், 1879-ல் முடித்தார் என்கிறோம். இப்படித் தளம் தட்டியவர்கள் யாருடைய பெயரும் எந்தக் கல்வெட்டிலும் என் கண்ணில் பட்டதில்லை.

சரி, எங்கள் கூரைக்கு என்ன ஆனது? "சிமெண்ட் வெடிச்சிடும் தம்பி. வெடிப்புல எறங்குன தண்ணி காய வழியில்ல. கட்டை குடிச்சிக்கிட்டே கெடக்கும்." சிமெண்டைக் கொத்தி எடுத்தபோது, சுவருக்குள் செருகியிருந்த இரண்டு கட்டைகளின் முனை உளுத்துப் போயிருந்தது. மூன்று வாரம் வேலை. சுண்ணாம்பு எப்போது இறுகும் என்று கட்டட உரிமையாளர் தினமும் கேட்டார். கொத்தனார் தினமும் வெற்றிலை போட்டார்.

கழற்றிய கட்டையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். ஒரு முனை விரல் பட்டாலே பொடிகிறது. மறுமுனையை இழைத்தால் இன்னும் தேக்கு வாசனை வருகிறது.