132 கிலோ, சர்க்கரை, முழங்கால் வலி: எதிலிருந்து தொடங்குவது?

அரசமரம்:
அக்காவுக்கு வயது 42, உயரம் 165 செ.மீ., எடை 132 கிலோ. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, கூடவே பிரஷர் மாத்திரை எடுக்கிறார். முழங்கால் வலியால் பத்து நிமிடம்கூட நடக்க முடியவில்லை. நாளையிலிருந்து இரவுச் சாப்பாட்டை அடியோடு நிறுத்தப் போகிறாராம். சரியா? எடைக்குறைப்பு ஆபரேஷன் இல்லாமல் எவ்வளவு குறையும்?

மருந்துப்பெட்டி:
நாளைக்கே வேண்டாங்க. முதலில் மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பார்க்கட்டும். சாப்பாடு குறைந்தாலும் கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். எடை இறங்க இறங்க பிரஷரும் இறங்கும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் அந்த மாத்திரையின் அளவையும் கேளுங்கள். பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டைரெக்ட் ஆய்வில் தினம் 825 முதல் 853 கலோரி உணவைத் தொடங்கிய அன்றே சர்க்கரை, பிரஷர் என்று இரண்டு வகை மாத்திரைகளையும் நிறுத்தினார்கள். அது மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் செய்து பார்க்கிற வேலை இல்லை.

அளவுக்கரண்டி:
இந்த எடைக்கு நாளொன்றுக்கு 1,800 கலோரி அளவில் தொடங்கலாம். வேளையை விடுவதைவிடத் தட்டை மாற்றுவதுதான் நிற்கும். கஞ்சி மட்டும் குடித்தால் கொழுப்போடு தசையும் கரையும், பசியும் சீக்கிரம் திரும்பும். சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால் புரதம் 80–90 கிராம் வேண்டும். முட்டை ஒன்றில் 6 கிராம், 50 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் (மீல்மேக்கர்) 25 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 27 கிராம் அளவில் கிடைக்கும். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு மிகக் குறைவு, அதைப் புரதக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பெரும்பாலான வீடுகளில் கணக்கு தப்புவது எண்ணெயில்தான். ஒரு டேபிள்ஸ்பூன் 120 கலோரி; தாளிப்பு, தோசைக்கல், பொரியல் என்று மூன்று இடத்தில் போகும். மாதத்துக்கு ஒருவருக்கு அரை லிட்டர் என்று தனியாக ஊற்றி வைத்துவிடுங்கள்.

நாற்காலி:
முழங்கால் வலிக்கும்போது நடையைத் திணிக்காதீர்கள். கைப்பிடியுள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, காலை நேராக நீட்டி 5 நொடி பிடித்து இறக்கட்டும்: காலுக்கு 10 முறை, தினம் இரண்டு வேளை. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் சுமை குறையும். பிறகு 5 நிமிட நடை, நாளுக்கு மூன்று தடவை. வீட்டு எடைக்கருவிகள் பல 150 கிலோவோடு நின்றுவிடும். 180 வரை காட்டுவதை வாங்குங்கள். சத்தமான குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடுகிறதா என்று பார்க்கும் தூக்கப் பரிசோதனை கட்டாயம்.

அரசமரம்:
குறட்டை உண்டு. அதையும் டாக்டரிடம் சொல்கிறோம். எவ்வளவு குறையும் என்று யாரும் சொல்லவில்லையே?

மருந்துப்பெட்டி:
சர்க்கரை நோயும் அதிக எடையும் உள்ளவர்களிடம் நடந்த அமெரிக்காவின் லுக் அஹெட் ஆய்வில், முதல் ஆறு மாதம் வாராவாரம் சந்திப்பு வைத்து நடத்தியும், தொடக்க எடையில் குறைந்தது முதல் ஆண்டில் சராசரி 8.6 சதவீதம், எட்டாம் ஆண்டில் 4.7. அக்காவுக்கு முதல் ஆண்டில் 11 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கும் மூட்டுக்கும் அது பெரிய லாபம், ஆனால் 80 கிலோவுக்குக் கொண்டுவராது. எடை குறையும்போது உடல் தன் கலோரிச் செலவைச் சுருக்கிப் பசியைக் கூட்டுகிறது, மனவுறுதிக் குறைவென்று அவரைக் குற்றம் சொல்லாதீர்கள். பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 48 இருப்பதால் ஆபரேஷன், பசியைக் குறைக்கும் செமாகுளூடைடு போன்ற ஊசிகள் பற்றி முதல் சந்திப்பிலேயே பேசலாம். 2022-இன் சர்வதேச வழிகாட்டுதல் 35-க்கு மேலேயே ஆபரேஷனைப் பரிந்துரைக்கிறது. எந்த வழியானாலும் புரதமும் நாற்காலிப் பயிற்சியும் தொடர வேண்டும். வேகமாக இறங்கினால் பித்தப்பைக் கல் வரலாம். வலது விலாவுக்குக் கீழே வலித்தால் ஸ்கேன் பாருங்கள்.