தமிழ் எழுத்தையும் சிக்குக் கோலத்தையும் ஸ்க்ரோல் சாவில் அறுக்கும்போது உதிரும் புள்ளிகளுக்கு என்ன வழி?

காவேரிப்பட்டினம்_மாந்தோப்பு கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் காவேரிப்பட்டினத்துக்கு அருகில் வசிக்கிறேன். கையால் இயக்கும் ஃபிரெட் ரம்பத்தில் பழகிய பிறகு, இப்போது மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை அறுக்கும் 16 அங்குல ஸ்க்ரோல் சா இயந்திரம் ஒன்றை வாங்கி வீட்டின் பின்கட்டில் நிறுத்தியிருக்கிறேன். யானை, மயில், மாங்காய் போன்ற வெளிக்கோட்டு உருவங்களை ஓரளவு திருத்தமாக அறுக்க முடிகிறது. அடுத்ததாக இரண்டு வேலைகளைச் செய்ய ஆசைப்படுகிறேன். இரண்டிலும் புள்ளிதான் சிக்கலாக இருக்கிறது.

முதலாவது, தங்கை புதிதாகக் கட்டியிருக்கும் வீட்டுக்கு ‘அன்பகம்’ என்னும் பெயர்ப்பலகை. எழுத்துகளைத் தனித்தனியாக அறுத்தெடுத்தால், ‘ன்’, ‘ம்’ இரண்டின் மேலிருக்கும் புள்ளிகள் எதனோடும் ஒட்டாமல் உதிர்ந்துவிடும். இணையத்தில் கிடைக்கும் வடிவங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகளுக்கானவை. அவற்றில் புள்ளி பெறும் எழுத்துகள் இரண்டே என்பதாலோ என்னவோ, இதற்கு விளக்கமான வழி எதுவும் என் கண்ணில் படவில்லை. இரண்டாவது, அம்மா மார்கழியில் போடும் சிக்குக் கோலம் ஒன்றை ஓர் அடி அகலத்தில் அறுத்துச் சுவரில் மாட்ட வேண்டும். கம்பியை, அதாவது கோலத்தின் கோட்டை, மரமாக நிறுத்தி இடைவெளிகளை அறுத்து நீக்கினால், இடைவெளிக்குள் இருக்கும் புள்ளியும் அதனுடன் போய்விடுகிறது. புள்ளியே இல்லாத சிக்குக் கோலத்தை அம்மா ஏற்க மாட்டார்; எனக்கும் அது நிறைவாகத் தோன்றவில்லை.

இவை தவிர, பிளேடு கோட்டை விட்டு வலப்பக்கமாக இழுப்பதும், பலகையின் அடிப்பக்கத்தில் சிலாம்பு எழுவதும் தொல்லையாக இருக்கின்றன. நம் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் எந்த மரம் இந்த வேலைகளுக்குப் பொருந்தும் என்பதையும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

ஓசூர்_டூல்ரூம் பதில்:

தம்பி, புள்ளிகளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், இயந்திரத்தையும் பிளேடையும் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வலப்பக்கம் இழுப்பது உங்கள் கைக்குற்றம் அன்று. பெரும்பாலான ஸ்க்ரோல் சா பிளேடுகளில் பல் வெட்டும்போதே ஒரு பக்க விளிம்பில் நுண்ணிய பிசிறு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் மற்றதைவிட விரைந்து வெட்டுவதால், பலகையை நேராகத் தள்ளினாலும் வெட்டு விலகிச் செல்லும். பலகையைச் சில பாகை திருப்பிப் பிடித்துத் தள்ளுவதே இதற்கு வழி. எந்தப் பக்கம், எவ்வளவு என்பதைக் கழிவுத் துண்டில் ஒரு நேர்கோட்டை அறுத்துப் பாருங்கள்; பிளேடு மாற்றும்போதெல்லாம் இதைச் செய்துகொள்வது நல்லது. மேசை ரம்பத்துக்கு வைப்பதைப் போல வழிகாட்டிக் கட்டையை வைத்து நேராக அறுக்கலாம் என்று எண்ண வேண்டாம். இந்த இயந்திரத்தில் அது பயன்படாது.

அடுத்து, உங்கள் இயந்திரம் முனையில் குறுக்கு ஊசி உள்ள பிளேடை மட்டும் ஏற்கிறதா, ஊசியில்லாத பிளேடையும் ஏற்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த இயந்திரங்கள் பல ஊசி பிளேடுக்கென்றே வருகின்றன. அந்த ஊசி நுழைய வேண்டுமானால் உள்வெட்டுக்காகப் பலகையின் நடுவில் பிளேடை நுழைக்கும் துளையைப் பெரிதாகப் போட்டாக வேண்டும். கோலத்தின் சிறிய கண்களில், அதாவது கம்பிகளுக்கு இடையிலான இடைவெளிகளில், அதற்கு இடம் இராது. ஊசியில்லாத 3ஆம் எண் பிளேடு 1.5 மில்லிமீட்டர் துளையில் தாராளமாக நுழையும். ஊசியில்லாத பிளேடைப் பிடிக்கும் கவ்வி பல இயந்திரங்களுக்குத் தனியாகக் கிடைக்கிறது. உங்கள் வேலைக்கு மற்ற எந்தத் துணைக்கருவியையும் விட இதுவே முதலில் தேவை.

அடிப்பக்கச் சிலாம்புக்கு, கீழ்முனையில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி அமைந்த எதிர்ப்பல் பிளேடைப் போடுங்கள். பிளேடு தன் ஓட்டத்தின் உச்சியில் இருக்கும்போது அந்த எதிர்ப்பற்களில் இரண்டு மூன்று மேசைமட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அவை மரத்தைத் தொடவே இல்லை என்று பொருள். இழுவிசை போதுமா என்பதற்கு, இயந்திரத்தை நிறுத்திவிட்டு விரலால் பிளேடைச் சுண்டிப் பாருங்கள். முறுக்கிய தந்தி போல் தெளிவான உயர்ந்த ஓசை எழ வேண்டும். மந்தமான ஓசை வந்தால் வளைவுகளில் பிளேடு வயிறு தள்ளி, பலகையின் மேல்முகமும் கீழ்முகமும் வேறு வேறு வடிவமாகிவிடும்.

மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒன்றரை அங்குலக் கனமுள்ள கட்டையில் முன்புறமாகச் சிறிதளவு ஒரு வெட்டுப் போட்டு, கட்டையை மேசையை விட்டு எடுக்காமலேயே சுழற்றி, அதே வெட்டைப் பிளேடின் பின்புறத்தில் நுழைத்துப் பாருங்கள். தடையின்றி நுழைந்தால் மேசை சரி. நுழையாவிட்டால் மேசையின் சாய்வைத் திருத்த வேண்டும். மேசையிலேயே அச்சிட்டிருக்கும் பாகை அளவுகோலை நான் நம்புவதில்லை.

தகடூர்_மரக்கடை பதில்:

மரத்தைப் பற்றி நான் எழுதுகிறேன். தருமபுரியில் எங்கள் குடும்பத்துக்கு இதுதான் தொழில்.

கோலத்துக்குத் தனிப்பலகையை எடுக்கவே எடுக்காதீர்கள். கோலத்தின் கம்பி எல்லாத் திசைகளிலும் வளைந்து ஓடுவது. பலகையின் ரேகையோ ஒரே திசையில் ஓடுவது. கம்பி ரேகைக்குக் குறுக்கே திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் ஐந்து மில்லிமீட்டர் அகலப் பட்டையைக் குட்டை நார்கள் மட்டுமே பிடித்திருக்கும். உப்புத்தாள் போடும்போதே அது முறிந்துவிடும். பிளைவுட்டில் ஒவ்வோர் அடுக்கும் முந்தையதற்குக் குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதால் இந்தக் கவலை குறைவு. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டை வாங்கும்போது விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். உள் அடுக்குகளில் சந்து தெரிந்தால் அந்தத் தாளை விட்டுவிடுங்கள். அறுத்த பிறகு கம்பியின் பக்கவாட்டில் அந்தச் சந்துகள் பொத்தல்களாகத் தெரியும்.

பெயர்ப்பலகையின் எழுத்துகளுக்குத் தனிமரம் நன்றாக இருக்கும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பழைய தோப்புகளை மாற்றும்போது மாமரம் நிறைய வரும். விலையும் அதிகம் இராது. ஆனால் பச்சையாக அறுத்த மாம்பலகையில் நீலக்கறை படியும், வெளுத்த பகுதியில் வண்டு துளைக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஏறத்தாழ ஓராண்டு நிழலில் காற்றாட உலர்த்தவேண்டும் என்பது தச்சர்களின் கணக்கு. அவ்வாறு உலர்ந்த பலகை கிடைத்தால் தாராளமாக எடுங்கள். வேம்பில் பூச்சி எளிதில் அண்டாது. ஆனால் ரேகை பின்னிக் கிடப்பதால் மெல்லிய வளைவுகளில் பெயர்ந்து வரும். தேக்கு வெட்டுக்கு இதமானதுதான் என்றாலும், அதிலுள்ள மணற்சத்து பிளேடின் பல்லை விரைவில் மழுக்கிவிடும். எண்ணெய்ப் பசையும் உண்டு. ஆகவே ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஒட்டும் முகத்தைத் தின்னர் தோய்த்த துணியால் துடைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளை எழுத்து வேண்டுமானால் வெட்பாலையைத் தேடுங்கள். ஓசூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத கர்நாடகத்துச் சென்னப்பட்டணத்தில் பொம்மை கடையும் மரம் அதுதான். நெருக்கமான ரேகையும் வெண்மையும் உள்ள இந்த மரத்தில் பிளேடு சீராக ஓடும்.

ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் இருந்து கழித்துவிடும், சரக்கு அடுக்கும் பைன் மரத் தட்டுகளையும் (பேலட்) பலர் வாங்குகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த தட்டானால் அதில் முத்திரை குத்தப்பட்டிருக்கும். ‘எச்டி’ (HT) என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 பாகை செல்சியஸில் 30 நிமிடமாவது இருக்கும்படி சூடேற்றப்பட்டது, அதை எடுக்கலாம். ‘எம்பி’ (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுவாயுவால் புகையூட்டப்பட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். ஈட்டியும் சந்தனமும் வனத்துறைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. துண்டு துக்காணியானாலும் உரிய ரசீது இல்லாமல் யாரிடமும் வாங்க வேண்டாம்.

அரூர்_கோலம் பதில்:

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததும் மகிழ்ச்சியாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃபிரெட் ரம்ப வேலை கற்றுத்தருகிறேன். தமிழ் எழுத்தை எடுத்தவுடனே அவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

பலகையில் எழுத்தைத் துளையாக வெட்டினால் புள்ளி வெறும் வட்டத்துளை; டிரில்லால் ஒரே நொடியில் முடிந்துவிடும். ஆனால் அப்போது அ, க, ன ஆகியவற்றின் மூடிய சுழிகளுக்குள் இருக்கும் மரம் உதிரும். எழுத்தை மரமாக அறுத்தெடுத்தால் சுழிகளில் தொல்லை இல்லை, புள்ளி உதிரும். ஆக, எப்படி அறுத்தாலும் ஏதாவது ஒன்று கழன்றுதான் தீரும். எதை ஒட்டவைப்பது எளிது என்று பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் கருத்தில், வீட்டுப் பெயருக்கு எழுத்தை மரமாக அறுத்துப் பின்பலகையில் ஒட்டுவதே சிறந்தது. தொலைவிலிருந்து படிக்கவும் அதுதான் தெளிவாக இருக்கும்.

புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையில் ஒரு காம்பு விட்டு இணைத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைச் செய்யாதீர்கள். காம்போடு கூடிய புள்ளி ஈகாரச் சுழியைப் போலத் தெரியும். ‘அன்பகம்’ என்பதை வாசலில் நிற்பவர் ‘அனீபகமீ’ என்று படிக்க நேரும். தமிழில் புள்ளி தனியாக நிற்பதால்தான் மெய்யெழுத்து மெய்யாகத் தெரிகிறது. அந்த இடைவெளியைக் காப்பாற்றியே ஆகவேண்டும்.

எழுத்துகளை அறுக்கும்போது பலகையின் விளிம்பிலிருந்து நுழையாமல், ஒவ்வோர் எழுத்துக்கும் கோட்டை ஒட்டி வெளியே ஒரு சிறு துளை போட்டு, அதன் வழியாகப் பிளேடைச் செலுத்தி அறுங்கள். அப்போது எழுத்துகள் நீங்கிய பலகை உடையாமல் முழுதாக மிஞ்சும். அதைப் பின்பலகையின் மீது வைத்து, எழுத்துகளை அவையவை இருந்த குழிகளில் இட்டு ஒட்டினால் இடைவெளியும் மட்டமும் தானாகவே அமைந்துவிடும். புள்ளிக்கான இடத்தில் முன்பே டிரில்லால் வட்டத்துளை போட்டுவைத்தால், புள்ளியின் இடமும் மாறாது. புள்ளியை ரம்பத்தில் அறுக்க முயல வேண்டாம். பத்து மில்லிமீட்டர் வட்டத்தைப் பிடிக்கப்போனால் விரல் பிளேடுக்கு மிக அருகில் போய்விடும். அதே குறுக்களவுள்ள மர உருளைக் கம்பியை வில்லை வில்லையாக நறுக்கினால் எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவில் கிடைக்கும்.

கோலத்துக்கு வருகிறேன். சிக்குக் கோலம் ஃபிரெட் வேலைக்கென்றே பிறந்தது என்பேன். கம்பி எங்கும் அறாமல் ஓடுவதால், மரத்தில் வெட்டும்போது ஒரு துண்டுகூடத் தனித்து நிற்காது. கம்பிகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வோர் இடமும் ஒரு மூட்டாகி முழு வடிவத்தையும் தாங்கிக்கொள்ளும். பூக்கோலத்தையோ மயில் கோலத்தையோ எடுத்தால் இடையிடையே பாலம் வரைந்தாக வேண்டும்; சிக்குக் கோலத்துக்கு அந்தத் தேவையே இல்லை. கம்பியை ஐந்து மில்லிமீட்டர் அகலத்துக்குத் தடித்து வரைந்துகொள்ளுங்கள். நடுவிலுள்ள கண்களை முதலில் அறுத்துவிட்டு வெளிநோக்கி வாருங்கள். வெளிக்கோட்டைக் கடைசியில் அறுங்கள். அதுவரை சுற்றியுள்ள பலகை கையால் அழுத்திப் பிடிக்க இடம் தரும். நான்கு முனையுள்ள கண்களில் முனையைப் பிளேடால் திருப்ப முயன்றால் மழுங்கிவிடும். ஒரு பக்கமாக முனைவரை சென்று, பின்வாங்கி, மறுபக்கமாக வந்து முனையில் முடியுங்கள்.

புள்ளிக்கு நான் செய்வது இதுதான். செம்மண் காவி நிறம் பூசிய பின்பலகையின் மீது கோலத்தாளின் இன்னொரு பிரதியை வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியால் குத்தி அடையாளம் செய்வேன். அங்கெல்லாம் சிறிய பித்தளை ஆணிகளை அறைந்துவிட்டு, வெள்ளை பூசிய கோலத்தை அவற்றைச் சுற்றி ஒட்டுவேன். காவிக்கு மேல் வெள்ளைக் கம்பியும், கண்ணுக்குக் கண் மின்னும் புள்ளியுமாக, உங்கள் அம்மா வாசலில் போடுவது அப்படியே கிடைக்கும். நம் பக்கத்துப் பாரதக் கூத்தில் வேடக்காரர்கள் அணியும் புஜக்கட்டைகளில் மரத்தின் மேல் கண்ணாடித் துண்டுகளைப் பதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு யோசனை அதிலிருந்துதான் வந்தது.

காவேரிப்பட்டினம்_மாந்தோப்பு:

ஐயா, அண்ணா, அக்கா, மூவருக்கும் மனமார்ந்த நன்றி. குழியுள்ள பலகையையே அச்சாக வைத்துக்கொள்ளலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் இயந்திரம் ஊசி பிளேடை மட்டுமே ஏற்கிறது. கவ்வி வாங்க ஏற்பாடு செய்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள் உள்ளன. வடிவத்தாளை நேரடியாக மரத்தில் ஒட்டினால் பிறகு உரித்தெடுக்கப் பெரும்பாடாக இருக்கிறது. மேலும், பெயர்ப்பலகை மழைச்சாரல் படும் வாசலில் இருக்கப்போவதால் அதற்கு என்ன பூசுவது?

தகடூர்_மரக்கடை பதில்:

முதலில் பலகை முழுவதும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேல் வடிவத்தாளை ஒட்டுங்கள். வேலை முடிந்ததும் டேப்பைப் பிடித்து உரித்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும். தாளுக்கு மேல் பெட்டி ஒட்டும் பளபளப்பான டேப்பை ஓர் அடுக்கு ஒட்டினால், கடின மரத்தில் வெட்டுவிளிம்பு கருகுவதும் நன்றாகக் குறையும்.

சாரல் படும் இடமானால் பின்பலகைக்கு ஐஎஸ் 710 என்னும் இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை வாங்குங்கள். ஐஎஸ் 303 முத்திரையுள்ள சாதாரண எம்ஆர் வகை ஈரப்பதத்தை ஓரளவு தாங்கும். நேரடியாக நனைவதைத் தாங்காது. எழுத்துகளுக்கும் பலகைக்கும் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான பியூ (பாலியூரித்தேன்) பூச்சு அடியுங்கள். வெட்டுவிளிம்புகளும் பின்முகமும் விடுபடக் கூடாது, ஏனெனில் தண்ணீர் அவற்றின் வழியாகத்தான் இறங்கும். எழுத்துகளை ஒட்டுவதற்கு நீர்புகாத வகைப் பசையையே கேட்டு வாங்குங்கள். ஒட்டும் முகங்களில் பூச்சுப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோலம் வீட்டுக்குள் இருப்பதால் அக்கா சொன்ன வண்ணப்பூச்சே போதும்.

பின்னாளில் மரத்தின் நிறமே தெரியும்படி ஒன்று செய்தால், ஆளிவிதை எண்ணெயை அகன்ற தட்டில் ஊற்றி வேலைப்பாட்டை முக்கி எடுத்து, வடியவிட்டுத் துடையுங்கள். தூரிகை நுழையாத கண்களிலெல்லாம் எண்ணெய் சென்று சேரும். துடைத்த துணியைச் சுருட்டிக் கூடையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துப் போட்டு முழுதும் உலரவிட்ட பிறகே அப்புறப்படுத்துங்கள்.

தூசியை யாரும் குறிப்பிடவில்லை. கடின மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. ஸ்க்ரோல் சாவின் தூளோ மாவு போன்ற நுண்தூள். பின்கட்டில் காற்றோட்டம் இருந்தாலும் என்95 முகக்கவசம் அணிந்தே அறுங்கள். உப்புத்தாள் போடும்போது அது இன்னும் அவசியம்.