ஈத்தூண்டில்: இன்னும் மனத்தை விட்டுப் போகாத ஒரு மீன்

வடலிக்கரை:
ஈத்தூண்டிலில் மனத்தை விட்டுப் போகாத மீன் அனுபவத்தைக் குழுவில் கேட்டிருந்தீர்கள். எனக்கு இரண்டு மாரி கடந்தும் இது போகவில்லை, அதனால் எழுதுகிறேன். தை மாதம், யாழ்ப்பாணத்தில் அராலிப் பக்கம், வழுக்கையாற்றில் தண்ணீர் வற்றத் தொடங்காத நேரம். ஆறாம் இலக்கத் தடி, கொக்கியில் சேவல் கழுத்து இறகைச் சுற்றி நானே கட்டிய தவளை ஈ, அதாவது தவளை போன்ற போலி இரை. புல்லுக்கு நடுவே ஒரு சுளகு அகலத்துக்குத் தண்ணீர் கொதித்தது, செம்மஞ்சளாக. விரால் குஞ்சு. அதற்குக் கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும் என்று இங்கே உள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொதிப்பின் விளிம்பில் ஈயை இறக்கினேன். ஒரு இழுப்பு, இரண்டு இழுப்பு. மூன்றாவதற்கு இடம் தரவில்லை. பசித்த விராலை நான் அறிவேன், அது ஈயை விழுங்கிக்கொண்டு கீழே போகும். இது ஈயைத் துரத்தியடிக்க வந்தது. கரையில் போட்டபோது முழங்கை தாண்டிய நீளம். படம் எடுத்தேன். இன்னொரு பக்கமாகத் திருப்பிப் போட்டும் எடுத்தேன்.

வரம்பில் புல்லுச் செருக்கிக்கொண்டிருந்த ஐயா நிமிர்ந்தார். "குஞ்சோடு நின்றதையா தம்பி தூக்கினாய்?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மறுபடி குனிந்துவிட்டார். திரும்பிப் பார்த்தேன். குஞ்சுகள் அதே இடத்தில் மேலே வந்து காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. எங்கிருந்தோ ஒரு கொக்கு வந்து அருகே இறங்கியது.

மீனை விட்டுவிட்டேன். விரால் காற்றிலும் மூச்செடுக்கும், சில நிமிடம் கரையில் கிடந்தால் சாகாது, அதெல்லாம் தெரியும். அது குஞ்சுகளிடம் திரும்பியதா என்பதுதான் தெரியாது. அரை மணித்தியாலம் நின்றேன். கொக்கு என்னைவிடப் பொறுமையாக நின்றது.

கந்தரோடையான்:
இதற்கா இரண்டு மாரி? எங்கள் பக்கத்தில் வீச்சுவலைக்காரர் தாயையும் தகப்பனையும் ஒரே வீச்சில் பறிக்குள் போட்டுக்கொண்டு போகிறார்கள், அன்றைக்கே குழம்பும் ஆகிவிடுகிறது. நீங்கள் விட்டுவிட்டுத்தானே வந்தீர்கள்? கொக்கும் சாப்பிடத்தான் வேண்டும்.

என் கதை சிறியது. சித்திரை வெயில், அதே வழுக்கையாறு, தண்ணீர் இல்லை, வெடித்த சேறு மட்டும். பழக்கத்தில் தடியையும் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் மண்வெட்டியால் ஈரச் சேற்றைப் புரட்டினான். உள்ளே ஒரு விரால், உயிரோடு, கண் பளபளக்க. அந்த வருடம் முழுக்க நான் ஈயால் பிடித்ததைவிடப் பெரியது. சிறுவன் என் தடியைப் பார்த்து, "இது எதற்கு அண்ணை?" என்று கேட்டான். இன்றுவரை பதில் யோசிக்கிறேன்.

பனிநாட்டு அண்ணை:
கந்தரோடையான் தம்பி, வலைக்காரரை இதற்குள் இழுக்காதீர்கள். அவருக்கு அது சோறு, எங்களுக்குப் பொழுதுபோக்கு. பொழுதுபோக்குக்காரன்தான் குஞ்சைக் கண்டால் விலகவேண்டும். வடலிக்கரைக்கு உறுத்துகிறது என்றால் அது சரியான உறுத்தல்.

என் அனுபவம்: போன மாரிக்கு ஊருக்கு வந்தேன், பின்வீச்சில் ஈ வடலி மட்டையில் கொழுவிக்கொண்டது, இழுத்த இழுப்பில் தடியின் நுனி போய்விட்டது. ஒன்ராறியோ ஆறுகளில் இருபது வருடம் முறியாத தடி.

இனி, தொடங்குகிறவர்களுக்குச் சில விடயம். ஈத்தூண்டிலில் ஈக்குப் பாரமே இல்லை, கயிற்றின் பாரம்தான் அதைக் கொண்டுபோகிறது. அதனால் முன்னுக்கு எவ்வளவு இடம் வேண்டுமோ பின்னுக்கும் அவ்வளவு வேண்டும். பின்னால் வடலி நின்றால் பின்வீச்சையே மறந்துவிடுங்கள். கயிற்றைத் தண்ணீரின் மேல் மெல்ல இழுத்து, தோளுக்குப் பின்னால் தொங்கவிட்டு, முன்னால் உருட்டி எறியுங்கள். விராலுக்கு ஆறாம் இலக்கம் காணாது, எட்டு வேண்டும். மீன் புல்லுக்குள் தலையைக் கொடுத்தால் ஆறால் திருப்ப முடியாது. கொக்கி முனைக்கு முன்னால் தடித்த தங்கூசியில் (நைலோன் நூலில்) ஒரு வளையம் கட்டினால் புல்லில் சிக்காது. அடித்தவுடன் ட்ரவுட்டுக்கு (குளிர்நீர் மீன்) தூக்குவது போலத் தடியைத் தூக்காதீர்கள், இடது கையால் கயிற்றை நேராக இழுங்கள், விராலின் வாய் முழுக்க எலும்பு. கொக்கியின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், விடும்போது மீனுக்கும் நல்லது, உங்கள் காதுக்கும் நல்லது. ஜப்பான் மீனுக்கு (திலாப்பியா) சின்னக் கொக்கியில் பச்சை நூல் சுற்றினாலே போதும், பாசி என்று எடுக்கும். உவர்நீரில் பாவித்த ரீலை அன்றிரவே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். இரணைமடுக் குளத்தில் இடுப்பளவில் இறங்கி நிற்காதீர்கள், முதலை உண்டு. 1880களில் நுவரெலியா மலைப் பக்கம் ட்ரவுட் கொண்டுவந்து விட்ட வெள்ளைக்காரருக்கு முதலையும் இல்லை, வடலியும் இல்லை. தொப்பி போடுங்கள்.

தொண்டைமானாற்று மருமகள்:
அண்ணை, கேட்டது அனுபவம், நீங்கள் தந்தது பாடப்புத்தகம். தொப்பி மட்டும் சரி.

எனக்குக் கொடுவா. மார்கழி மழைக்கு அணைக்கட்டின் உள்பக்கத் தண்ணீரில் உப்பு நன்றாகக் குறைந்திருந்தது. பக்கத்தில் மாமா தங்கூசியும் இறாலுமாக வாளியை நிறைக்கிறார். நான் நாற்பதாவது தடவையாக வெறும் இறகை எறிகிறேன். "பிள்ளை, மீனுக்கு விசிறி விடுகிறாயா?" என்றார். அந்த நேரம் பார்த்து அடித்தது. முழு மீனும் வெளியே வந்து தலையை உதறியது. செவுள் கிலுகிலுத்த சத்தம் எனக்குக் கேட்டது, மாமாவுக்கும் கேட்டது. அடுத்த கணம் கயிறு தளர்ந்து என் காலடியில் விழுந்தது.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. தன் தங்கூசியைப் போத்தலில் சுற்றிவைத்தார். இருட்டும்வரை நான் எறிவதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றுமே அடிக்கவில்லை.

விடியப்புற பஸ்:
ஜப்பான் மீனை ஈயில் பிடித்தேன் என்று சொல்ல எல்லாருக்கும் கூச்சம். 1950களில் வந்த மீன், இன்றைக்குப் போகாத குளம் இல்லை. நான் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் பஸ் எடுத்து இரணைமடுவுக்குப் போவதே அதற்காகத்தான்.

உள்ளங்கை அகலப் பெண் மீன். கொக்கியைக் கழற்றக் கையில் எடுத்தேன், வாயைத் திறந்தது, குஞ்சுகள் கொட்டின. என் விரலிடுக்கால் வழிந்தன, கண்தான் பெரிதாகத் தெரிந்தது, உடம்பு நூல் போல. வாயில் குஞ்சு வைத்திருக்கும் மீன் இரை எடுக்காது என்பார்கள். கொக்கியும் வாய்க்குள் இல்லை, தாடையின் வெளிப்பக்கம் ஏறியிருந்தது. அது ஈயைத் தின்ன வரவில்லை, தள்ளிவிட வந்திருக்கிறது என்று வடலிக்கரை எழுதியதை வாசித்த பிறகுதான் எனக்கு ஓடியது.

கையைத் தண்ணீருக்குள் தாழ்த்தி மீனையும் குஞ்சுகளையும் ஒன்றாக விட்டேன். மீன் ஓடவில்லை. இரண்டு சாண் தள்ளி நின்று வாயைத் திறந்தது, குஞ்சுகள் அந்தப் பக்கம் போயின. என் சின்னவிரலில் ஒன்று ஒட்டியிருந்ததைப் பிறகுதான் கண்டேன். உதறினேன். அதற்குள் மீன் போய்விட்டிருந்தது.