புதுப்பிப்பு: பரணில் கிடைத்த நாவல்

ஆடியில் புலம்பியிருந்தேனே, பத்து வருஷமாக ஒரு அச்சுப் புத்தகத்தைக்கூட முடிக்கவில்லை, நாலு பக்கம் தாண்டினால் கை தானாகப் போனைத் தேடுகிறது என்று. போனை வேறு அறையில் வை, ஒல்லிப் புத்தகமாகத் தொடங்கு என்றீர்கள். முதல் யோசனை பலித்தது. இரண்டாவது நடக்கவில்லை, மன்னார்குடி வீட்டுப் பரணில் தகரப் பெட்டிக்குள் எனக்கு அகப்பட்டது தலையணை கனத்தில் ஒரு நாவல்.

ஓரமெல்லாம் பழுப்பு. இரண்டு இடத்தில் ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டை. 212ஆம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட். அம்மாவிடம் காட்டினேன். "நீ பொறந்தே, அதோட மூடி வெச்சேன்" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

முதல் வாரம் கஷ்டம்தான், படித்த பத்தியையே திரும்பப் படித்தேன். அப்புறம் ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்தவன், எழுத்து மங்கலானபோதுதான் விளக்கு வைக்கும் நேரம் என்று கவனித்தேன். மொத்தம் 19 நாள். முடித்துவிட்டேன்!

பக்கத்து மேலவாசலில் 1931லேயே மாட்டுவண்டியில் நூலகம் ஓடியிருக்கிறது. தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரர், இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர்.ரங்கநாதன். வண்டி கட்டி வாசலுக்கே புத்தகம் கொண்டுவந்த ஊர்ப்பக்கம் இது. எனக்குப் பரண் ஏறப் பத்து வருஷம்.

புத்தகம் இப்போது அம்மா கையில். 212இலிருந்து தொடர மாட்டாளாம், முதலிலிருந்துதானாம். சரி, பெட்டியில் இன்னும் முப்பது இருக்கிறது. ராமபாணத்துக்கு வசம்பு போதுமா, வெயிலிலும் காட்ட வேண்டுமா?