ஏரியின் தரை உயர மாதிரி: எந்தப் பிழையை அறிக்கையில் எழுதுவது?

கேள்வி
வணக்கம். தூர் வாருவதற்கு முன் கொள்ளளவைக் கணக்கிட, ஏறத்தாழ 60 ஹெக்டேர் பரப்புள்ள வறண்ட ஏரியொன்றை 80 மீட்டர் உயரத்திலிருந்து ட்ரோனால் படமெடுத்துத் தரை உயர மாதிரி (ஒவ்வொரு இடத்தின் உயரத்தையும் காட்டும் கணினி வரைபடம்) தயாரித்தேன். கரை நெடுகிலும் வைத்த 8 கட்டுப்பாட்டுப் புள்ளிகளில் (இடமும் உயரமும் தரையில் அளந்து வைத்த குறிகள்) பிழை 2 செ.மீ. என்கிறது மென்பொருள் அறிக்கை. ஆனால் ஏரியின் நடுவில் ஆட்டோ லெவல் (தரையில் ஊன்றிய அளவுகோலைப் பார்த்து உயரம் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் சில இடங்களில் 20 செ.மீ.க்கு மேல் வேறுபடுகிறது. எதை நம்புவது?

மறுமொழி 1
ஆட்டோ லெவலை நம்புங்கள். கட்டுப்பாட்டுப் புள்ளிகளோடு ஒத்துப்போகும்படியே மென்பொருள் மாதிரியைச் சரிசெய்கிறது என்பதால், அதே புள்ளிகளில் மிஞ்சும் பிழை பொருத்தத்தைக் காட்டுமே தவிர துல்லியத்தைக் காட்டாது. கணக்கீட்டில் சேர்க்காமல் தனியாக அளந்த சரிபார்ப்புப் புள்ளிகள் ஏரி முழுவதும் பரவியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ஏஎஸ்பிஆர்எஸ் (ஒளிப்பட அளவீடு, தொலையுணர்வுத் துறைச்) சங்கம் 2023இல் வெளியிட்ட தரநிலை குறைந்தது 30 புள்ளிகளைக் கேட்கிறது. தரை சராசரியாக 10 செ.மீ. உயர்ந்து தெரிந்தாலே 60,000 கன மீட்டர் கொள்ளளவு கணக்கிலிருந்து காணாமல் போகும்.

மறுமொழி 2
வேறுபாடுகளைக் கூட்டல், கழித்தல் குறியோடு வரைபடத்தில் இட்டுப் பாருங்கள். கரையோரம் சுழியமாகவும் நடுவில் எல்லாம் ஒரே குறியோடும் இருந்தால், லென்ஸின் திரிபு தவறாகக் கணிக்கப்பட்டதால் மாதிரி குவிமாடம்போல் வளைந்திருக்கிறது என்று பொருள். நேர்கீழாக எடுத்த படங்களை மட்டும் வைத்துக்கொண்டு, புள்ளிகளையும் ஓரத்திலேயே வைத்தால் இது அடிக்கடி நேரும். ஆர்எம்எஸ்இ (பிழைகளின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்) என்ற ஒற்றை எண்ணில் இந்த ஒருபக்கச் சாய்வும் தற்செயல் சிதறலும் ஒன்றாகக் கலந்துவிடும். ஆகவே சராசரிப் பிழையையும், சிதறலைக் காட்டும் திட்ட விலக்கத்தையும் தனித்தனியே கொடுங்கள். சீமைக் கருவேலம் மண்டிய பகுதியைத் திறந்த தரையோடு சேர்க்காமல் தனியாகக் கணக்கிடுங்கள், ஏனெனில் அங்கே கேமரா கண்டது புதரின் உச்சியைத்தான். அளவுகோலின் அடிமுனை வண்டலில் இறங்கிவிடாதபடி அடியில் ஒரு தட்டு வைப்பதும் அவசியம்.

கேள்வி கேட்டவர்
மிக்க நன்றி. வரைந்து பார்த்தேன், நடுப்பகுதி முழுவதும் கூட்டல் குறிதான். தட்டு இல்லாமல் ஊன்றியபோது கோல் 3 செ.மீ. வரை இறங்கியதையும் இன்று கவனித்தேன். நடுவில் 5 கட்டுப்பாட்டுப் புள்ளிகள் கூடுதலாக வைத்து, சாய்கோணப் படங்களும் எடுத்து, தனியாக 30 புள்ளிகளில் சரிபார்த்த பிறகே அறிக்கை தருவேன்.